பத்தாவதுக்குப் பிறகு தொழில் கற்க எந்த வழி: ஐடிஐயா, அப்ரண்டிஸா, தொழிற்கல்வி குரூப்பா?

ஒவ்வொரு வருடமும் மே, ஜூன் வந்தால் இந்தக் கேள்வி வந்துவிடுகிறது. பையன் பத்தாவது பாஸ், புத்தகத்தில் பெரிய நாட்டம் இல்லை, ஆனால் எதைக் கொடுத்தாலும் பிரித்து மாட்டுகிறான். ஐடிஐயில் சேர்க்கலாமா, +1-இல் தொழிற்கல்வி குரூப் எடுக்கலாமா, இல்லை நேராக ஏதாவது கம்பெனியில் அப்ரண்டிஸாக விட்டுவிடலாமா? பெண் பிள்ளை இருக்கிற வீடுகளில் இன்னொரு கேள்வியும் சேர்ந்துகொள்கிறது: ஹாஸ்டல் தருகிறோம், சம்பளம் தருகிறோம், மேலே படிக்கவும் வைக்கிறோம் என்று ஒருவர் வீடு தேடி வந்து சொல்கிறார், நம்பி அனுப்பலாமா?

கோவையில் மெஷின் ஷாப் வட்டாரத்திலேயே வேலை பார்ப்பவன் என்பதால் என்னிடம் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட ஒரே இடத்தில் எழுதி வைப்பது நல்லது என்று தோன்றியது.

மேலே சொன்ன எல்லா வழியிலும் பயிற்சியைப் பள்ளியும் தொழிற்சாலையும் பங்கு போட்டுக்கொள்கின்றன. பங்கின் அளவுதான் மாறுகிறது. பள்ளி தன் பங்கைப் பெரும்பாலும் எழுத்தில் வைத்திருக்கும்: பாடத்திட்டம், தேர்வு, மதிப்பெண். தொழிற்சாலையின் பங்குதான் பல இடங்களில் வாய்ப்பேச்சாகவே நின்றுவிடுகிறது. அந்தப் பங்கு எங்கே எழுத்தில் இருக்கிறதோ, அந்த வழியைத் தேர்ந்தெடுங்கள் என்பதுதான் என் கட்சி. கம்பெனியின் பெயர் பெரிதா சின்னதா என்பதெல்லாம் அதற்கு அப்புறம்.

## எதை வைத்து அளப்பது

முதலில் வயது. பத்தாவது முடிக்கும் பிள்ளைக்கு 15 அல்லது 16 இருக்கும். 1961-ஆம் ஆண்டு அப்ரண்டிஸ் சட்டப்படி 14 வயதிலேயே பயிற்சியில் சேரலாம், ஆனால் அபாயகரமான தொழில் என்றால் 18 ஆகியிருக்க வேண்டும். 14 முதல் 18 வரை உள்ளவர்களை அபாயகரமான வேலையில் வைக்கக் கூடாது என்று 2016-இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டமும் சொல்கிறது. அதனால் 16 வயதுப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்கினாலும் பல கேட்டில் உள்ளே விடமாட்டார்கள். அப்படியும் எதையும் கேட்காமல் உடனே எடுத்துக்கொள்கிற இடம் என்றால் இன்னும் கவனமாகப் பாருங்கள்.

அடுத்தது, பயிற்சி முடிந்து வெளியே வரும் நாளில் கையில் இருக்கப்போகும் தாள். தேசிய அளவில் செல்லும் சான்றிதழா, மாநில போர்டு சான்றிதழா, இல்லை கம்பெனி லெட்டர்பேடில் அடித்துக் கொடுக்கும் 'அனுபவச் சான்று' மட்டும்தானா?

மூன்றாவது, மேல்படிப்பு. 15 வயதில் படிப்பு வேண்டாம் என்று சொன்ன பிள்ளை 19 வயதில் டிப்ளமோ படிக்கணும் என்று வந்து நிற்கும். இது சர்வ சாதாரணம். அன்றைக்கு வழி அடைபட்டிருக்கக் கூடாது.

நான்காவது பணம். கைக்கு வருவதை மட்டும் பார்க்காமல் பஸ், சாப்பாடு, வாடகை, ஷூ, இழக்கும் வருடங்கள் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

ஐந்தாவதுதான் எல்லாவற்றிலும் முக்கியம்: உண்மையிலேயே சொல்லித்தருகிறார்களா? ஒரு சி.என்.சி. (கணினி வழி இயங்கும் மெஷின்) ஷாப்பில் 'ட்ரெய்னி' என்று நிற்கும் பையனைக் கவனியுங்கள். காஸ்டிங்கை (வார்ப்புத் துண்டை) எடுத்து மெஷினின் சக்கில், அதாவது பிடிப்பானில், வைக்கிறான், கதவைச் சாத்துகிறான், பச்சைப் பொத்தானை அமுக்குகிறான். மெஷின் நின்றதும் கதவைத் திறந்து, ஏர் கன்னால் சிப்ஸை ஊதி, பீஸை ட்ரேயில் அடுக்குகிறான். ஷிஃப்ட் முழுக்க இதுதான். இன்சர்ட் (வெட்டும் முனை) உடைந்தால் மெஷினைத் தயார்செய்யும் செட்டர் வருவார், சைஸ் தள்ளிப்போனால் ஆஃப்செட்டையும் (மெஷினில் போட்ட அளவுத் திருத்தம்) அவரே திருத்திவிட்டுப் போவார், பையன் ஒதுங்கி நிற்பான். ஆறு மாதம் கழித்துப் போய்ப் பார்த்தாலும் அவன் அதே மெஷினில் அதே வேலையைச் செய்துகொண்டிருந்தால் அதைப் பயிற்சி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. உற்பத்திக்கு ஒரு ஆள் குறைந்த கூலிக்குக் கிடைத்திருக்கிறது, அவ்வளவுதான்.

## +1 தொழிற்கல்வி குரூப்

தமிழ்நாட்டில் 1978-இல் +2 வந்தபோதே தொழிற்கல்விப் பிரிவும் கூடவே வந்தது. அடிப்படை இயந்திரவியல், மின்பொறியியல், ஆட்டோமொபைல், வேளாண்மை, நர்சிங், ஆடை வடிவமைப்பு, அலுவலக மேலாண்மை என்று பல குரூப்கள் உண்டு. இங்கே சொல்லும் வழிகளில் தொழிற்சாலையின் பங்கு மிகக் குறைவாக இருப்பது இதில்தான். வெளியே போய்ப் பயிற்சி எடுப்பது சில நாட்களோடு முடிந்துவிடும்.

இதன் பலம் வேறு. முறையான +2 சான்றிதழ் கையில் வரும். பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் ஆண்டு சேரலாம், பொறியியல் கலந்தாய்வில் தொழிற்கல்வி மாணவர்களுக்குத் தனி ஒதுக்கீடும் இருக்கிறது. உள்ளூர்ப் பள்ளியிலேயே படிக்கலாம் என்பதைச் சின்ன விஷயமாக நினைக்காதீர்கள், தூரம் என்றால் பெண்ணை அனுப்பாத வீடு இன்றும் நிறைய. +2 முடித்த பிறகு தாரமணியில் உள்ள தென்மண்டல அப்ரண்டிஸ் பயிற்சி வாரியத்தின் வழியாகத் தொழிற்கல்விப் பிரிவுக்கான அப்ரண்டிஸ் பயிற்சியும் எடுக்கலாம்.

வெளியே தெரியாத செலவு என்று பார்த்தால், பள்ளியில் அந்தப் பாடத்துக்கு நிரந்தர ஆசிரியர் இல்லாமல் போவது. ஆசிரியர் ஓய்வு பெற்ற பிறகு அந்த இடம் நிரம்பாமல் குரூப் பெயரளவில் ஓடும் பள்ளிகள் உண்டு. சேர்க்கும் முன் ஒர்க்‌ஷாப்பைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். பூட்டின் சாவியைத் தேட வேண்டியிருந்தால் விஷயம் புரிந்துவிடும். நர்சிங் குரூப்பைப் பற்றி ஒன்று: அதை முடித்ததும் பதிவு பெற்ற நர்ஸ் ஆகிவிட முடியாது, அதற்கு டிப்ளமோவோ பி.எஸ்சி.யோ தனியாகப் படிக்க வேண்டும். இதைத் தெரியாமலே சேர்த்துவிட்டு இரண்டு வருடம் கழித்து வருத்தப்படுகிற குடும்பங்கள் இருக்கின்றன.

என்ன ஆகப் போகிறோம் என்று இன்னும் முடிவு செய்யாத பிள்ளைக்கு இந்த வழி சரி. கையில் தொழில் வேண்டும், சீக்கிரம் வேண்டும் என்பவர்களுக்குப் போதாது.

## ஐடிஐ, அதிலும் இரட்டைப் பயிற்சி உள்ள ஐடிஐ

என்னைக் கேட்டால் பத்தாவது முடித்த பெரும்பாலான பிள்ளைகளுக்கு இதைத்தான் சொல்வேன்.

ஃபிட்டர், எலக்ட்ரீஷியன், டர்னர், மெஷினிஸ்ட் எல்லாம் இரண்டு வருடம். வெல்டர் ஒரு வருடம். அரசு ஐடிஐயில் கல்விக் கட்டணம் இல்லை, மாதம் 750 ரூபாய் உதவித்தொகை வரும், பஸ் பாஸ், சைக்கிள், சீருடை உண்டு. அரசுப் பள்ளியில் படித்து வந்தவர்களுக்குப் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் தனி. 71 அரசு ஐடிஐகளை டாடா டெக்னாலஜிஸோடு சேர்ந்து தொழில் 4.0 மையங்களாக மாற்றியிருக்கிறார்கள். ரோபாட்டிக்ஸ், அட்வான்ஸ்டு சி.என்.சி., மின்வாகன மெக்கானிக் போன்ற புதிய டிரேடுகள் (தொழிற்பிரிவுகள்) அங்கே இருக்கின்றன. உங்கள் ஊர் ஐடிஐ அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள்.

ஃபிட்டர் ஷாப்பில் முதல் சில வாரம் பிள்ளைகள் சலித்துப்போவார்கள். ஒரு எம்.எஸ். ஃபிளாட்டை (இரும்புப் பட்டையை) வைஸில் பிடித்து அரத்தால் ராவிக்கொண்டே இருக்க வேண்டும், நடுநடுவே செங்கோணம் பார்க்கும் ட்ரை ஸ்கொயரை அதன்மேல் வைத்து வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பார்க்க வேண்டும். இடுக்கில் கீற்றாக வெளிச்சம் தெரிந்தால் இன்னும் மட்டம் வரவில்லை, மறுபடி ராவு. இந்தக் காலத்தில் எதற்கு அரம் என்று கேட்பார்கள். ஒரு பரப்பு மட்டமாக இருப்பது என்றால் என்ன என்று கைக்குத் தெரிந்தவன், பிறகு எந்த மெஷின் முன்னால் நின்றாலும் பீஸைப் பார்த்ததுமே தப்பைக் கண்டுபிடிப்பான். கம்பெனி இதைச் சொல்லித்தராது, அதற்கு அங்கே நேரம் இல்லை.

அடுத்து இரட்டைப் பயிற்சி. ஐடிஐயும் ஒரு தொழிற்சாலையும் ஒப்பந்தம் போட்டு, பாடத்தின் ஒரு பகுதியைத் தொழிற்சாலையிலேயே நடத்துவது. இரண்டு வருட டிரேடு என்றால் 6 முதல் 12 மாதம் வரை அங்கே, ஒரு வருட டிரேடு என்றால் 3 முதல் 6 மாதம். ஜெர்மனியில் வெகுகாலமாக இருக்கும் முறையைப் பார்த்து வந்தது. தொழிற்சாலை செய்ய வேண்டியது எழுத்தில் இருக்கிற ஒப்பந்தம் என்பதால் எனக்கு இது பிடிக்கும். ஆனால் அந்தப் பகுதியில் தொழிற்சாலை பணம் ஏதும் தருமா, போக்குவரத்து யார் பொறுப்பு, எத்தனை பிரிவுகளில் மாற்றி மாற்றி விடுவார்கள் என்பதெல்லாம் இடத்துக்கு இடம் மாறும். ஐடிஐ முதல்வரிடமே கேட்கலாம், தயங்க வேண்டாம்.

மேல்படிப்பு அடைபடுமோ என்ற பயம் இங்கே தேவையில்லை. பத்தாவது முடித்து இரண்டு வருட ஐடிஐ தேறியவர்கள் தமிழ், ஆங்கிலம் இரண்டு மொழித்தாள்களை மட்டும் எழுதி +2-க்கு இணையான சான்று வாங்கலாம். பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் ஆண்டு சேரலாம், டிப்ளமோ முடித்தால் பி.இ. இரண்டாம் ஆண்டு. இவ்வளவும் இருந்தும் மொழித்தாளை எழுதாமல் விட்டுவிடுகிறார்கள். ஐடிஐ முடித்த கையோடு எழுதிவிடுங்கள், வேலைக்குப் போன பிறகு அது நடக்காது.

தனியார் ஐடிஐ என்றால் கட்டணம் உண்டு, தரம் ஏறி இறங்கும். அந்த டிரேடுக்குத் தேசிய அங்கீகாரம் இருக்கிறதா என்பதை டிரேடு வாரியாகச் சரிபார்க்க வேண்டும், நிறுவனத்தின் பெயர்ப் பலகையை நம்பிவிடக் கூடாது.

## நேரடி அப்ரண்டிஸ்

சென்னை ஐ.சி.எஃப். (ரயில் பெட்டித் தொழிற்சாலை), பொன்மலை, போத்தனூர் ரயில்வே பணிமனைகள், நெய்வேலி என்.எல்.சி., திருச்சி பெல் போன்ற இடங்களில் அப்ரண்டிஸ் எடுப்பார்கள். இவற்றில் பல இடங்கள் ஐடிஐ முடித்தவர்களைத்தான் கேட்கும். ஐ.சி.எஃப்.பில் பத்தாவது மட்டும் முடித்த புதியவர்களுக்கும் இடம் உண்டு, வயது 15 ஆகியிருந்தால் போதும், மதிப்பெண் அடிப்படையில் தேர்வு.

2019 விதிகள்படி பத்தாவது முடித்தவருக்குக் குறைந்தபட்ச ஸ்டைபெண்ட் (பயிற்சிக்கால உதவித்தொகை) மாதம் 6,000 ரூபாய், +2 அல்லது ஐடிஐ முடித்தவருக்கு 7,000. இரண்டாம் ஆண்டில் 10 சதவீதம் கூடும். இதை உயர்த்த வேண்டும் என்று 2025-இல் மத்திய அப்ரண்டிஸ் கவுன்சில் பரிந்துரைத்தது, ஆகவே சேரும்போது நடப்பில் உள்ள தொகை என்னவென்று கேட்டுக்கொள்ளுங்கள்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். பத்தாவது முடித்ததும் நேரடி அப்ரண்டிஸ் என்றால் இரண்டு வருடத்தில் 72,000-உம் 79,200-உம் சேர்த்து 1,51,200 ரூபாய். அரசு ஐடிஐ என்றால் 750-உம் 1,000-உம் சேர்த்து மாதம் 1,750, இரண்டு வருடத்தில் தோராயமாக 42,000. ஒரு லட்சத்துக்கு மேல் வித்தியாசம் தெரிகிறது. ஆனால் வெளியூர்ப் பிள்ளை சென்னையில் தங்கிச் சாப்பிட இந்த 6,000 போதாது, வீட்டிலிருந்து பணம் அனுப்பத்தான் வேண்டியிருக்கும். பெரம்பூர், வில்லிவாக்கம் பக்கம் வீடு இருக்கிறவர்களுக்குத்தான் அந்த வித்தியாசம் முழுசாகக் கைக்கு வரும். ஐடிஐ முடித்துவிட்டு ஒரு வருடம் அப்ரண்டிஸ் போனால் அந்த ஒரு வருடத்தில் 84,000 வரும், இரண்டு சான்றிதழும் கையில் இருக்கும், வயதும் 18 ஆகியிருந்தால் எந்தத் தொழிற்சாலையும் வயதைக் காட்டித் திருப்பி அனுப்பாது. அவசரம் இல்லாத வீட்டுக்கு நான் இதைத்தான் சொல்கிறேன்.

இரண்டு விஷயத்தைப் பிள்ளையிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஒன்று, பயிற்சி முடிந்ததும் வேலை தர வேண்டும் என்ற கட்டாயம் கம்பெனிக்கு இல்லை. ரயில்வேயில் லெவல் 1 (ஆரம்ப நிலை) பணிகளில் 20 சதவீத இடம் பயிற்சி முடித்த அப்ரண்டிஸ்களுக்கு ஒதுக்கப்படுகிறது, அதற்கும் தேர்வு எழுத வேண்டும். இரண்டு, அப்ரண்டிஸ் சட்டப்படி அவர் பயிற்சியாளர், தொழிலாளர் கிடையாது, அதனால் பி.எஃப். எல்லாம் எதிர்பார்க்க முடியாது. ஆனால் பயிற்சியின்போது அடிபட்டால் இழப்பீட்டுச் சட்டம் பொருந்தும். தொழிற்சாலைப் பாதுகாப்பு விதிகளும் அவருக்கு உண்டு.

30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் குறிப்பிட்ட விகிதத்தில் அப்ரண்டிஸ் எடுத்தாக வேண்டும், ஸ்டைபெண்டில் 25 சதவீதம், அதிகபட்சம் 1,500 ரூபாய் வரை மத்திய அரசு பங்கு தருகிறது. இதனால் சின்ன ஷாப்களிலும் இப்போது இடம் கிடைக்கிறது. நல்ல முதலாளி அமைந்தால் சின்ன ஷாப்பில்தான் எல்லா வேலையும் கைக்கு வரும். டர்னிங், மில்லிங், கிரைண்டிங், சில சமயம் பார்ட்டியிடம் பேசுவது வரைக்கும். அமையாவிட்டால் மேலே சொன்ன பச்சைப் பொத்தான் கதைதான்.

## சாண்ட்விச் டிப்ளமோ

இதைப் பலர் யோசிப்பதே இல்லை. மூன்று வருட டிப்ளமோவை மூன்றரை வருடமாக்கி, நடுவில் இரண்டு முறை தொழிற்சாலைக்கு அனுப்புவார்கள். கோவையில் 1961 முதல் சாண்ட்விச் பாலிடெக்னிக் என்றே பெயரோடு ஒரு கல்லூரி இருக்கிறது. கணக்கும் அறிவியலும் ஓரளவு வருகிற, அதே சமயம் ஒர்க்‌ஷாப்பை விரும்புகிற பிள்ளைக்கு அருமையான வழி. அரை வருடம் கூடுதல், கல்லூரியைப் பொறுத்துக் கட்டணம், இரண்டும்தான் செலவு. இடங்கள் குறைவு என்பதால் மதிப்பெண்ணும் வேண்டும்.

## +2 முடித்தவர்களுக்கு: கம்பெனியே நடத்தும் பயிற்சி

மென்பொருள் கம்பெனியான ஸோஹோ 2005-இல் தொடங்கிய பள்ளியில் இரண்டு வருடப் பயிற்சி, கட்டணம் கிடையாது, மாதம் 10,000 ரூபாய் உதவித்தொகை உண்டு. தென்காசியிலும் நடக்கிறது. எச்.சி.எல். நடத்தும் டெக்பீ 12 மாதம். இதற்குக் கட்டணம் உண்டு, வங்கிக் கடன் ஏற்பாடும் உண்டு, வேலையில் சேர்ந்தபின் பிட்ஸ் பிலானி, சாஸ்த்ரா போன்றவற்றில் பட்டம் படிக்கலாம். அரசுப் பள்ளி மாணவர்களுக்குத் தமிழக அரசின் 'நான் முதல்வன்' திட்டம் வழியாகத் தனி ஏற்பாடு செய்திருந்தார்கள், இந்த வருடம் எப்படி என்று தலைமையாசிரியரிடம் கேளுங்கள்.

வேலைக்கு இவ்வளவு நேரான பாதை வேறு இல்லை. யோசிக்க வேண்டிய இடம், கையில் வரும் தாள். பட்டம் கேட்கிற அரசுத் தேர்வோ வேறு கம்பெனியோ இந்தப் பயிற்சியைப் பட்டமாக எடுத்துக்கொள்ளாது. ஆகவே பிள்ளை கூடவே ஒரு பட்டமும் படிக்குமா, அதற்கு நேரம் தருவார்களா, நடுவில் விலகினால் பணம் கட்ட வேண்டுமா என்பதையெல்லாம் சேர்வதற்கு முன்பே எழுத்தில் கேளுங்கள்.

## ஒரே பார்வையில்

| வழி | காலம் | மாதம் வருவது | கடைசியில் கையில் | யாருக்கு |
|---|---|---|---|---|
| +1 தொழிற்கல்வி | 2 வருடம் | பெரிதாக இல்லை | +2 சான்றிதழ் | முடிவு செய்யாதவர், வீட்டருகே படிக்க வேண்டியவர் |
| அரசு ஐடிஐ | 1 அல்லது 2 வருடம் | 750, தகுதி இருந்தால் கூட 1,000 | தேசிய டிரேடு சான்றிதழ் | கையில் தொழில் வேண்டும் என்பவர் |
| நேரடி அப்ரண்டிஸ் | டிரேடைப் பொறுத்து | 6,000 முதல் | தேசிய அப்ரண்டிஸ் சான்றிதழ் | பணிமனைக்கு அருகே வீடு, உடனே வருமானம் தேவை |
| சாண்ட்விச் டிப்ளமோ | மூன்றரை வருடம் | கம்பெனியைப் பொறுத்து | டிப்ளமோ | கணக்கு வருகிற, ஒர்க்‌ஷாப் பிடித்த பிள்ளை |
| கம்பெனிப் பள்ளி (+2-க்குப் பின்) | 1 அல்லது 2 வருடம் | இடத்துக்கு இடம் மாறும் | கம்பெனிச் சான்று, வேலை | மென்பொருள் பக்கம் போக நினைப்பவர் |

## வீடு தேடி வருபவர்கள்

இந்த வழியை நான் பட்டியலில் சேர்க்கவில்லை, காரணத்தைச் சொல்லியாக வேண்டும். திருப்பூர், திண்டுக்கல், ஈரோடு வட்டாரப் பஞ்சாலைகளில் சுமங்கலித் திட்டம் என்ற பெயரில் என்ன நடந்தது என்பது நம் எல்லோருக்கும் தெரியும். பதின்ம வயதுப் பெண்களை 'அப்ரண்டிஸ்' என்று சொல்லி அழைத்துப்போய், மூன்று வருடம் முடித்தால் மொத்தமாகப் பணம், கல்யாணத்துக்கு ஆகும் என்றார்கள். நடுவில் உடம்பு முடியாமல் திரும்பிய எத்தனையோ பெண்களுக்கு அந்தப் பணம் கைக்கு வரவில்லை. ஹாஸ்டலை விட்டு வெளியே போக முடியாது, வீட்டோடு பேசக்கூடக் கட்டுப்பாடு. 'பயிற்சி' என்ற சொல்லை வைத்து நம் பிள்ளைகளின் வயதையே சுரண்டினார்கள். இன்று அதே பெயரில் யாரும் வருவதில்லை, ஆனால் சம்பளத்தைப் பிடித்து வைத்துக் கடைசியில் தருகிறோம் என்று யார் சொன்னாலும், எந்தப் பெயரில் சொன்னாலும், அனுப்பாதீர்கள்.

நல்ல நிறுவனங்களும் கிராமங்களுக்கு வந்து ஆள் எடுக்கின்றன. பிரித்தறிய ஒரே வழி காகிதம் கேட்பதுதான். அப்ரண்டிஸ் என்றால் மத்திய அரசின் அப்ரண்டிஸ் இணையதளத்தில் பதிவான ஒப்பந்தம் இருக்கும். பிள்ளைக்கு 18 ஆகவில்லை என்றால் பெற்றோர் கையெழுத்து அதில் கட்டாயம். டிரேடு பெயர், தொடங்கும் தேதி, முடியும் தேதி, மாத ஸ்டைபெண்ட் நான்கும் அதில் இருக்க வேண்டும். ஸ்டைபெண்ட் பிள்ளையின் பெயரில் உள்ள வங்கிக் கணக்குக்கு வர வேண்டும், புரோக்கர் கைக்குப் போகக் கூடாது.

எந்த வழியில் சேர்ந்தாலும் பிள்ளையிடம் ஒரு நோட்டு வாங்கிக் கொடுங்கள். இன்றைக்கு எந்த மெஷின், என்ன வேலை, யார் சொல்லிக்கொடுத்தார் என்று தினம் இரண்டு வரி எழுதட்டும். மூன்று மாதம் கழித்து நீங்களே வாங்கிப் புரட்டிப் பாருங்கள். எல்லாப் பக்கத்திலும் ஒரே வரி இருந்தால் நோட்டை எடுத்துக்கொண்டு பயிற்சி அலுவலரிடம் போய், பிரிவு மாற்றித் தரச் சொல்லுங்கள். அங்கே பதில் இல்லை என்றால் மாவட்டத் திறன் பயிற்சி அலுவலகத்தில் எழுத்து மூலம் புகார் கொடுக்கலாம், நோட்டின் நகலையும் இணைத்து.